படத்தின் பின்பக்கம்



ஓவியக் கல்லூரிப் பட்டமளிப்பு மேடையில் கலையின் மேன்மையைப் பேசுவது வழக்கம். அதை உங்கள் ஆசிரியர்கள் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லியிருப்பார்கள், என்னைவிட நன்றாகவே. நான் காசைப் பற்றிப் பேச ஹைதராபாத்திலிருந்து வந்திருக்கிறேன். என்னோடு படித்தவர்களில் என்னைவிடக் கை நன்றாக ஓடியவர்கள் பலர் இருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் இன்று தூரிகையைத் தொடுவதில்லை. திறமை தீர்ந்துபோய் அவர்கள் நிறுத்தவில்லை. வாடகைத் தேதி வந்தது, நிறுத்தினார்கள். இந்த மேடையில் நிற்கும்போது அவர்கள் முகம்தான் எனக்குத் தெரிகிறது.

1994 ஜூன் மாதம் சார்மினார் எக்ஸ்பிரஸில் ஹைதராபாத் நாம்பள்ளி நிலையத்தில் இறங்கினேன். ஒரு டிரங்குப் பெட்டி, சுருட்டி வைத்த பதினான்கு கேன்வாஸ். தெலுங்கு தெரியாது, உருது தெரியாது. நிலையத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் படங்களுக்குச் சட்டம் போடும் கடை இருந்தது. கடைக்காரருக்கு அப்போதே அறுபது வயதிருக்கும். தெருவே அவரைச் சாச்சா என்று கூப்பிட்டது, நானும் அப்படியே கூப்பிட்டேன்.

என் கேன்வாஸை விரித்ததும் அவர் படத்தைப் பார்க்கவில்லை. திருப்பிப் போட்டுப் பின்பக்கத்தைப் பார்த்தார். "யார் வரைந்தது?" என்றார். "நான்தான்." "பேரையே காணோமே?" காதில் செருகியிருந்த தச்சுப் பென்சிலை எடுத்துக் கொடுத்தார். பேர், வருடம், என்ன வண்ணம், எத்தனைக்கு எத்தனை அங்குலம், இது உன்னுடைய எத்தனையாவது படம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பிறகு, "இதற்கு எவ்வளவு செலவானது?" என்று கேட்டார். கேன்வாஸ் விலையைச் சொன்னேன். அவர் ஒரு பழைய ரசீதின் பின்புறத்தில் வரிசையாக எழுத ஆரம்பித்தார். துணி, வண்ணம், டர்பன்டைன், தேய்ந்த தூரிகை, சட்டத்து மரம், ஆட்டோ கூலி, இதை வரைந்த பன்னிரண்டு நாளுக்கு அறை வாடகை, பன்னிரண்டு நாள் சாப்பாடு. பட்டியல் முடிந்தபோது எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. ஐந்து வருடப் படிப்பில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி அது. அந்த ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதே கணக்கை இன்றைய விலையில் போட்டுப் பார்ப்போம். 24-க்கு 36 அங்குலப் படம், 864 சதுர அங்குலம். புதிதாக வருகிறவர் சதுர அங்குலத்துக்கு 20 ரூபாய் என்று வைத்தால் விலை 17,280. காட்சிக்கூடம் நூற்றுக்கு நாற்பது எடுத்தால் 6,912 போய்விடும். மிச்சம் 10,368. பொருளுக்கும் சட்டத்துக்கும் 4,500 கழித்தால் 5,868. பன்னிரண்டு நாள் உழைப்பு. ஒரு நாளைக்கு 489 ரூபாய். உங்கள் வீட்டுச் சுவருக்குப் பெயின்ட் அடிக்க வருகிறவர் இதைவிடக் கூடுதலாக வாங்குகிறார், வாங்கவும் வேண்டும். படம் விற்றதே என்று நீங்கள் மகிழும்போது உங்கள் கையில் நிற்பது இதுதான். விற்காத மாதங்களை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவில்லை.

இதைச் சொல்லித்தர ஒருவர் வேண்டும். அவர் உறவாகவோ பெரிய ஓவியராகவோ இருக்க வேண்டியதில்லை. நமக்கு முன்னால் அந்த வழியில் போய் அடிபட்டவராக இருந்தால் போதும்.

அப்படி ஓர் ஆசிரியர் கிடைத்தவர்களும் உண்டு. ஹைதராபாத் ஓவியர்கள் என்றதும் உங்களுக்கு இரண்டு பேர் நினைவுக்கு வருவார்கள். ஒருவர் கே. லக்ஷ்மா கவுட், 1940-இல் மேடக் மாவட்டம் நிஜாம்பூரில் பிறந்தவர். மற்றவர் தோட்ட வைகுண்டம், 1942-இல் கரீம்நகர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். நெற்றி நிறையக் குங்குமமும் கண்ணைப் பறிக்கும் சேலையுமாக வைகுண்டம் வரைந்த தெலங்கானாப் பெண்களை நாள்காட்டியிலாவது பார்த்திருப்பீர்கள். இருவரும் ஹைதராபாத் நுண்கலைக் கல்லூரியில் படித்துவிட்டு பரோடா போனவர்கள். அங்கே இருவருக்கும் ஆசிரியராக இருந்தவர் கே.ஜி. சுப்ரமண்யன். கேரளத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படித்து, விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, அதன்பின் சாந்திநிகேதன் போய் ஓவியரானவர். நடுவில் கைத்தறி வாரியத்திலும் வேலை பார்த்தார்.

பொருளாதாரம் படித்த அந்த மனிதர் பரோடாவில் செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். 1960-களில் அங்கே நுண்கலைச் சந்தை என்று ஒன்று தொடங்கினார்கள். ஆசிரியர்களும் மாணவர்களும் சேர்ந்து உட்கார்ந்து பொம்மை செய்வார்கள், ஊர் மக்கள் வந்து வாங்குவார்கள், வரும் பணம் மாணவர்களுக்கே உதவும். சுப்ரமண்யன் மரத்துண்டையும் மணியையும் தோலையும் கோத்துச் செய்த பொம்மைகள் அந்தச் சந்தைக்காகப் பிறந்தவை. ஆசிரியரே உட்கார்ந்து பொம்மை கோக்கும்போது, விலை சொல்லி விற்பது இழிவு என்ற எண்ணம் மாணவனுக்கு எங்கிருந்து வரும்?

அங்கிருந்து திரும்பியவர்கள் சும்மா உட்கார்ந்து வாங்குகிறவருக்காகக் காத்திருக்கவில்லை. லக்ஷ்மா கவுட் ஹைதராபாத்தில் தொலைக்காட்சிக்கு வரைகலை வேலை செய்தார், பிறகு மத்தியப் பல்கலைக்கழகத்தின் சரோஜினி நாயுடு பள்ளியில் ஆசிரியரானார். வைகுண்டம் திரைப்படங்களுக்குக் கலை இயக்கம் செய்தார். பி. நரசிங் ராவின் 'தாசி' படத்துக்காகத் தேசிய விருதே கிடைத்தது. லக்ஷ்மா கவுடின் எட்சிங் எனப்படும் செதுக்கச்சுப் படங்களை நேரில் பார்க்கக் கிடைத்தால் கீழ் ஓரத்தைக் கவனியுங்கள். செதுக்கச்சில் ஒரு தகட்டிலிருந்து இத்தனை பிரதிதான் என்று முடிவு செய்து, ஒவ்வொன்றிலும் பென்சிலால் எண் போடுவார்கள். 7/25 என்றால் இருபத்தைந்தில் ஏழாவது. கேன்வாஸ் வாங்க முடியாத ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் அச்சுப் பிரதியை வாங்கலாம், ஓவியருக்கும் ஒரே உழைப்பு இருபத்தைந்து முறை பலன் தரும். வண்ணம் தீட்டுகிறவர்களும் அச்சுக் கலையை விட்டுவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம்.

நம் சென்னையிலும் ஓவியர்கள் இப்படிப் பிழைப்புக்கு வழி தேடுவது புதிதில்லை. கே.சி.எஸ். பணிக்கர் 1957-இல் சென்னை ஓவியக் கல்லூரிக்கு முதல்வரானார். படித்து முடித்த பிள்ளைகள் ஏதோ ஒரு வேலைக்குப் போய், வரைவதையே விட்டுவிடுவதை அவர் வருடா வருடம் பார்த்தார். அவரே இளமையில் தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு ஓவியத்துக்கு வந்தவர், அந்த வலி தெரியும். கைவினைப் பொருள் செய்து விற்போம், வரும் காசில் வரைவோம் என்று பிள்ளைகளைக் கூட்டினார். பாத்திக் துணிதான் முக்கியமான சரக்கு. மெழுகை உருக்கித் துணியில் கோலமிட்டு, சாயத்தில் முக்கி, கொதிநீரில் மெழுகை எடுத்தால் கோடு வெள்ளையாக நிற்கும். மெழுகு விரிசல் விட்ட இடத்தில் சாயம் நூல்நூலாக ஓடியிருக்கும். அப்படிச் சேர்த்த காசில் ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரை மணலில் இடம் வாங்கி, 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை எழுப்பினார்கள். வரைகிறவர்களே உழைத்துச் சேர்த்துக் கட்டிய ஊர் அது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகும்போது இறங்கிப் பாருங்கள்.

எல்லாருக்கும் பாத்திக் பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஹைதராபாத்திலிருந்து பேருந்தில் இரண்டு மணி நேரம் போனால் சேரியால். அங்கே நகாஷி ஓவியர்கள் துணிச்சுருளில் கதை எழுதினார்கள். அரிசிக் கஞ்சி, வெள்ளை மண், புளியங்கொட்டைப் பசை எல்லாம் பூசிக் காயவைத்த துணி, சிவப்புப் பின்னணி, கட்டம் கட்டமாகப் புராணம். ஊர் ஊராகப் போய்க் கதை சொல்கிறவர்கள்தான் அந்தச் சுருள்களை வாங்கினார்கள். சினிமாவும் டிவியும் வந்தபின் கதை கேட்க ஆள் இல்லை, சுருள் வாங்கவும் ஆள் இல்லை. ஓவியக் குடும்பங்கள் சுருளைத் துண்டாக்கிச் சுவரில் மாட்டும் அளவுக்குச் சிறிதாக்கின. மரத்தூளும் புளியங்கொட்டைப் பசையும் பிசைந்து முகமூடி செய்தன. எஞ்சியிருப்பவை மிகச் சில குடும்பங்கள். அவர்களிடம் தாத்தா பேரனுக்குச் சொல்லித்தருவது பசை காய்ச்சும் பக்குவத்தோடு நிற்பதில்லை. யாரிடம் முன்பணம் வாங்கலாம், யாருக்குக் கடன் கொடுக்கக் கூடாது என்பதும் சேர்ந்தே வரும். கல்லூரிக்கு வந்த நமக்கு முதல் பாதி கிடைத்தது, இரண்டாம் பாதி கிடைக்கவில்லை.

அது கிடைக்காததால் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு நகரத்தில் ஒரு காட்சிக்கூடம் என் படங்கள் பதினொன்றை எடுத்துக்கொண்டது. ரசீது கேட்க எனக்குக் கூச்சம். இரண்டு வருடம் கழித்துக் கூடத்தை மூடிவிட்டார்கள். ஏழு திரும்பி வந்தன, இரண்டில் பூஞ்சை. மீதி நான்கு எங்கே இருக்கின்றன என்று இன்றுவரை தெரியாது. சாச்சாவிடம் போய் அழுதேன். அவர் ஆறுதல் சொல்லவில்லை. கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகம் ஒன்றை வாங்கிக் கையில் கொடுத்தார். படத்தின் பேர், அளவு, விலை, கமிஷன் எவ்வளவு, விற்ற எத்தனை நாளில் பணம், விற்காவிட்டால் எந்தத் தேதியில் யார் செலவில் திரும்பும், வழியில் சேதமானால் யார் பொறுப்பு. இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். கையெழுத்து வாங்காமல் படம் வீட்டை விட்டு வெளியே போகக் கூடாது.

சட்டத்திலும் உங்களுக்கு உரியது இருக்கிறது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்களாக வரைந்து விற்ற படத்தை வாங்கியவருக்குச் சொந்தமாவது அந்தக் கேன்வாஸ் மட்டும். அதை நாட்குறிப்பிலோ சேலையிலோ அச்சிடும் உரிமை, நீங்கள் எழுதிக் கொடுக்காதவரை உங்களிடமே இருக்கும். ஆனால் ஒருவர் பணம் பேசிக் கேட்டு, அவருக்காக நீங்கள் ஒரு படமோ உருவப்படமோ வரைந்து கொடுத்தால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது பதிப்புரிமை அவருக்குப் போய்விடும். கல்யாண வீட்டுக்கும் ஹோட்டல் சுவருக்கும் வரையப் போகிறவர்கள் இதை நன்றாக மனதில் வையுங்கள், ஒரு வரி எழுதி வாங்குங்கள். உரிமை எழுதிக் கொடுக்கும்போது காலம் குறிப்பிடவில்லை என்றால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்றே எடுத்துக்கொள்ளும். உங்கள் மூலப் படம் பிற்காலத்தில் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால், அதில் பத்து சதவீதம்வரை பங்கு கேட்கவும் 53-ஏ பிரிவு இடம் தருகிறது. அதைக் கேட்க வேண்டுமானால் எது உங்கள் படம், எப்போது யாருக்கு விற்றீர்கள் என்ற பதிவு வேண்டும். சாச்சா சட்டம் படித்தவரில்லை. ஆனால் தச்சுப் பென்சிலால் அவர் எழுத வைத்தது இதற்கான சாட்சியைத்தான்.

எங்கள் ஹைதராபாத்தில் புதிதாக வருகிறவர்களுக்குக் கதவுகள் இருக்கின்றன. கிருஷ்ணாகிருதி அறக்கட்டளை நுண்கலை மாணவர்களுக்கு உதவித்தொகை தருகிறது. ஸ்ருஷ்டி காட்சிக்கூடம் 'எமர்ஜிங் பேலட்ஸ்' என்ற பேரில் இளம் ஓவியர்களுக்கென்றே கண்காட்சி நடத்துகிறது. காட்சிக்கூடத்துக்கு வெளியேயும் இடம் உண்டு. மறைந்த சூர்யப்ரகாஷ், எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் அங்கேயே இருந்து வரையும் ஓவியராகப் பல ஆண்டுகள் இருந்தார். கண் சிகிச்சைக்கு வருகிறவர்கள் நடக்கும் இடத்தில் அவருடைய இலைகளும் நீர்நிலைகளும் தொங்குகின்றன. ஒரு மருத்துவமனைக்கு ஓவியர் தேவை என்று நினைத்தவர்கள் இருந்தார்கள் என்பதே எனக்குப் பெரிய தெம்பு. உங்கள் ஊர் மருத்துவமனையில், வங்கியில், நூலகத்தில் போய் யாராவது கேட்டுப் பார்த்திருக்கிறார்களா?

வழிகாட்டியைத் தேடும்போது புகழ் பெற்றவரின் வாசலிலேயே நிற்காதீர்கள். உங்களைவிடப் பத்து வருடம் மூத்தவர் ஒருவரைப் பிடியுங்கள், அவருக்கு அடி இன்னும் மறந்திருக்காது. "என் படம் எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் நன்றாக இருக்கிறது என்று அனுப்பிவிடுவார்கள். "இதற்கு நான் என்ன விலை சொல்ல வேண்டும், ஏன்?" என்று கேளுங்கள். உட்கார வைத்துப் பேசுவார்கள். அவர் நேரத்துக்கு மதிப்புக் கொடுங்கள். மாதம் ஒரு முறை, ஒரு மணி நேரம், போன தடவை சொன்னதைச் செய்துவிட்டுப் போங்கள். அவர் பாணியை மட்டும் வாங்கி வராதீர்கள்.

சாச்சா 2009-இல் காலமானார். கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் உறை விற்கிறார்கள். அவர் பயன்படுத்திய அளவுகோலை அவர் மகன் எனக்குக் கொடுத்தார். பன்னிரண்டு வருடமாக ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மெஹ்திபட்டணத்தில் என் வீட்டு மாடியில் நான்கைந்து பிள்ளைகள் கூடுகிறார்கள். இப்போது வருகிறவர்களில் ஒரு பெண் திருவாரூர்க்காரி. போன வாரம் ஒரு பள்ளிக்கூடச் சுவருக்கு விலைப்புள்ளி எழுதிக் கொண்டுவந்தாள். சாரத்துக்கான வாடகையை எழுத மறந்திருந்தாள். திரும்ப எழுதச் சொல்லியிருக்கிறேன். இந்த ஞாயிறு கொண்டுவருவாள்.

ஹைதராபாத் பக்கம் வந்தால் நீங்களும் வாருங்கள். படம் பெரிதாக இருந்து தூக்க முடியாவிட்டால் பரவாயில்லை. பின்பக்கத்தை மட்டும் போட்டோ எடுத்துக்கொண்டு, கணக்கு நோட்டோடு வாருங்கள். டீ போட்டு வைக்கிறேன்.