பழைய சீட்டும் நைட் ஷிஃப்ட்டும்

இன்னைக்கு மாத்திரைச் சீட்டு பத்திப் பேசலாம். சுகர், பிரஷர் எல்லாம் அப்பா வயசுக்காரங்க சமாச்சாரம்னு நினைச்சீங்கன்னா, ஒரகடம் பக்கம் நைட் ஷிஃப்ட் பார்க்கிற முப்பது வயசுக்காரங்களைக் கேட்டுப் பாருங்க.

என் ரூம்மேட் அங்கே அசெம்பிளி லைன்ல இருக்கான். வாரா வாரம் ஷிஃப்ட் மாறும். சுகருக்கு ரெண்டு மாத்திரை: மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு. சீட்டு போன வருஷத்தது. மாசாமாசம் பஸ் ஸ்டாப் பக்கத்து மெடிக்கல்ல அதோட போட்டோவைக் காட்டுவான், கவுன்ட்டர் பையன் அட்டையை எடுத்துக் கொடுப்பான். எங்க பாஷையில சொன்னா, யாருமே லாக் பார்க்காத க்ரான் ஜாப்.

ஒரு நாள் நைட் முடிச்சு வந்தான். சீட்டுல 'காலை'ன்னு இருக்கேன்னு மாத்திரையைப் போட்டான். சாப்பிடாம படுத்துட்டான். பதினொரு மணிக்குப் பார்த்தா பனியன் நனைஞ்சிருக்கு, கை நடுங்குது, பேச்சு குழறுது. சர்க்கரை கரைச்சுக் குடிக்க வச்சோம். கொஞ்ச நேரத்துல தெளிஞ்சான்.

சாயங்காலம் வேற கடைக்குப் போனோம். அங்கே பார்மசிஸ்ட்டே உட்கார்ந்திருந்தார். சீட்டைப் பார்த்துட்டு அவர் கேட்டது ஒண்ணுதான்: "தம்பி, மாத்திரை போட்டுட்டு எப்போ சாப்பிடுறீங்க?" கிளிமிபிரைடு இன்சுலினைச் சுரக்க வைக்கிற மாத்திரை. வயித்துல சோறு இல்லைன்னா சர்க்கரை ரொம்ப இறங்கிடும். "இது கடிகாரம் பார்த்துப் போடுறது இல்ல, தட்டு பார்த்துப் போடுறது. ஆனா நானா மாத்திச் சொல்லக் கூடாது. டாக்டர்கிட்ட ஷிஃப்ட் மாறும்னு சொல்லுங்க"ன்னார். டாக்டருக்கு அதுவரைக்கும் அது தெரியவே தெரியாது! கேட்டதும் கிளிமிபிரைடை நிறுத்திட்டு வேற மாத்திரை எழுதினார்.

அப்புறம்தான் சட்டத்தைத் தேடிப் படிச்சேன். 1945-ஆம் வருஷ மருந்து விதிகள்ல 65-ஆவது விதி. சீட்டு இருந்தாத்தான் விக்கணும்னு அட்டையிலயே அச்சடிச்சிருக்கிற மருந்துகளை, டாக்டர் 'திரும்பக் கொடுக்கலாம்'னு எழுதியிருந்தா மட்டும்தான் அதே சீட்டுக்கு மறுபடி கொடுக்கலாம். எத்தனை தடவை, எவ்வளவு இடைவெளின்னு அவர் எழுதியிருந்தா அதன்படிதான். கொடுக்கும்போது கடை பேரும் தேதியும் சீட்டுலயே குறிக்கணும். இங்கிலாந்துல ரிப்பீட் பிரிஸ்கிரிப்ஷன்னு தனி ஏற்பாடே இருக்குன்னு வியக்கிறோம். நம்ம விதியிலயும் அதுக்கு இடம் இருக்கு, யாரும் கேக்கிறதில்லை. இவன் கேட்டு வாங்கினான்: மாசத்துக்கு ஒரு தடவை, மூணு மாசம், அப்புறம் மறுபடி பரிசோதனை.

மெடிக்கல் போனா 'பார்மசிஸ்ட் யாரு?'ன்னு கேளுங்க. சுவர்ல மாட்டியிருக்கிற லைசென்ஸ்ல அவர் பேர் இருக்கும். கவுன்ட்டர்ல கொஞ்சம் முறைப்பாங்க, பரவாயில்லை.

காசு பிரச்சினைன்னா, 2021 ஆகஸ்ட்ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் இருக்கு. சுகர், பிரஷர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து தருவாங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல விசாரிங்க. ரூம்மேட் பேரையும் கொடுத்திருக்கோம். அவங்க வர்றது பகல்ல, இவன் தூங்குறதும் பகல்ல. கதவைத் திறக்கிற வேலை என் தலையில.