வருஷத்தில் மூன்று நாள்

(நமது ஆமதாபாத் கிளையின் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

"வீகன் உணவும் நம் ஆசாரமும்" என்று பேசச் சொன்னார் நம் செயலாளர். "பேச்சு முடிந்ததும் எல்லோருக்கும் காபி உண்டா?" என்று கேட்டேன். "பேஷா உண்டு" என்றார். அந்த டிகிரி காபியின் வாசனைக்கு எதிராகத்தான் நான் இப்போது பேசிக்கொண்டிருக்கிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீகன் என்ற சொல் 1944-ல் இங்கிலாந்தில் பிறந்தது. மாமிசம், முட்டை நமக்குப் பிரச்சினையே இல்லை. ஆனால் பால், தயிர், மோர், வெண்ணெய், நெய், தேன் எதுவும் கூடாது என்கிறார்கள். பட்டும் கூடாது. பட்டுப் புடவையைப் பற்றி இன்று பேச மாட்டேன். நான் வீட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

2012-லிருந்து நான் வீகன். ஆனால் வருஷத்தில் மூன்று நாள் இல்லை. அது எந்த மூன்று நாள் என்று கடைசியில் சொல்கிறேன்.

நான் வங்கியில் வேலை பார்த்தவன். 1980-களில் கேடா ஜில்லாவில், ஆனந்துக்குப் பக்கத்தில் ஒரு கிளையில் இருந்தேன். வெண்மைப் புரட்சி உச்சத்தில் இருந்த காலம். எருமை வாங்கக் கடன் கொடுப்பதுதான் எனக்கு முக்கிய வேலை. எருமையின் விலை, தினம் எத்தனை லிட்டர் கறக்கும், வற்றிய மாதங்கள் எத்தனை, தீவனச் செலவு, இன்ஷூரன்ஸ் எல்லாவற்றுக்கும் விண்ணப்பத்தில் கட்டம் இருக்கும். எருமையின் காதில் இன்ஷூரன்ஸ் வில்லை கூட மாட்டுவோம். ஆனால் பிறக்கும் கடாக்கன்றுக்கு ஒரு கட்டமும் கிடையாது. அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

ஒரு நாள் கடன் வசூலுக்காக ஒரு கிராமத்துக்குப் போனேன். எலும்பும் தோலுமாக ஒரு கடாக்கன்று கொட்டிலின் ஓரத்தில் படுத்திருந்தது. "சீக்கா?" என்று கேட்டேன். அந்த வீட்டு அம்மாள் ஒளிக்காமல் சொன்னாள்: "சீக்கு இல்லை சாகேப். பாடோ. அதற்குப் பாலை விட்டால் உங்கள் தவணையை எதை வைத்துக் கட்டுவேன்?"

அவள் கல்நெஞ்சக்காரி இல்லை. கணவனை இழந்தவள். அந்தப் பால் பணத்தில்தான் இரண்டு பெண்களைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினாள். கூட்டுறவுப் பால் சங்கம் அவளைப் போன்ற லட்சக்கணக்கான பெண்களுக்குக் கையில் காசு கொடுத்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனாலும் அந்தக் கன்றின் பங்கு என் காலைக் காபிக்குள் போய்க்கொண்டிருந்தது. அதுவும் உண்மைதான்.

இதெல்லாம் பழைய கதை என்று நினைக்க வேண்டாம். நம் தேசத்தில் இன்று வருஷத்துக்கு 23 கோடி டன்னுக்கு மேல் பால் உற்பத்தியாகிறது. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவானது எருமைப் பால். பசுவுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு எருமைக்கு இல்லை. எருமை மாமிச ஏற்றுமதியில் உலகின் முன்னணி நாடுகளில் நாமும் ஒன்று. பசுவின் காளைக்கன்றுக்கோ டிராக்டர் வந்த பிறகு வேலை இல்லை. 2012-க்கும் 2019-க்கும் இடையில் பசுக்களின் எண்ணிக்கை 18 சதவிகிதம் கூடியது. காளைகளும் எருதுகளும் சுமார் 30 சதவிகிதம் குறைந்தன. கால்நடைக் கணக்கெடுப்பு சொல்லும் கணக்கு இது. தெருவில் திரியும் மாடுகள் மட்டும் 2019-ல் சுமார் 50 லட்சம்.

நம் முன்னோர்கள் காலத்தில் எல்லாம் சரியாக இருந்தது என்றும் சொல்வதற்கில்லை. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர்களைக் கேட்கிறேன். கன்று செத்துப்போனால் அதன் தோலில் வைக்கோல் திணித்துத் தாய்ப்பசுவின் முன்னால் வைத்துக் கறந்ததை நீங்கள் பார்த்ததில்லையா?

இந்தக் கணக்கையெல்லாம் என்னைப் போடவைத்தவள் என் பெண். பெங்களூரில் படித்துவிட்டு 2011-ல் வந்தவள், "அப்பா, நாம யாருக்கும் ஹிம்சை பண்ணாதவான்னு பெருமையாச் சொல்றியே, அந்தக் கன்னுக்குட்டி எங்கே போறதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டாள். ஒரு வருஷம் அவளோடு சண்டை போட்டேன். கடைசியில் அந்த கேடா ஜில்லாக் கொட்டில்தான் என்னைத் தோற்கடித்தது.

விடுவது சுலபமாக இல்லை. காபியில் சோயா பாலை விட்டால் திரிந்துபோயிற்று. தேங்காய்ப்பால் விட்டால் பாயச வாசனை. இப்போது வெறும் டிகாக்ஷனில் கொஞ்சம் வெல்லம் போட்டுக் குடிக்கிறேன். தயிருக்கு என் அகமுடையாள் ஒரு வழி கண்டுபிடித்தாள். வேர்க்கடலையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து காய்ச்சி, வெதுவெதுப்பாக இருக்கும்போது பச்சைமிளகாய்க் காம்பைப் போட்டுவைத்தால் உறைகிறது. தயிர் மாதிரி இருக்குமா என்று கேட்காதீர்கள். பழகிவிடும்.

இரண்டு வருஷம் கழித்துப் பாதம் மரத்துப்போக ஆரம்பித்தது. ஞாபக மறதியும் வந்தது. டாக்டர் ரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, பி12 வைட்டமின் அடிமட்டத்தில் இருக்கிறது என்றார். அது செடிகொடிகளில் கிடைக்காது. வீகனாக இருப்பவர் அதை மாத்திரையாகவாவது எடுத்தே ஆக வேண்டும். பால் சாப்பிடும் சைவர்களிலேயே பலருக்கு இது குறைவு. நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நாக்கும் உடம்பும் பெரிய சோதனை இல்லை. பெரிய சோதனை என் அம்மா.

முதல் நாள் ராத்திரி தயிர் வேண்டாம் என்றேன். அப்போது அவளுக்கு 82 வயது. "மோர் சாதம் இல்லாம எழுந்துண்டா சாப்பிட்ட மாதிரியே இருக்காதேடா" என்றாள். நாலு நாள் கழித்துக் கேட்டாள்: "அப்போ நான் உனக்கு ஊட்டின தயிர் சாதமெல்லாம் பாவம்னு சொல்றியா?"

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "இல்லைம்மா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு அவளுக்குப் புள்ளிவிவரம் சொன்னேன். மறுநாளிலிருந்து எனக்கு முன்னால் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். சமையலறையில் தனியாக உட்கார்ந்து, யாருக்கும் தெரியாமல் திருடுகிற மாதிரி மோர் சாதம் சாப்பிட்டாள். மூன்று மாதம் அதை நான் கவனிக்கக்கூட இல்லை. என் பெண்தான் சொன்னாள்.

அன்று ராத்திரி நானே தயிர் சாதம் பிசைந்து, மாவடு வைத்து அம்மாவிடம் கொடுத்தேன். 2019-ல் அவள் போகிறவரை தினம் ராத்திரி அது என் வேலை. "இது மட்டும் கொள்கைக்கு விரோதம் இல்லையா?" என்று சிநேகிதர்கள் கேலி செய்தார்கள். இருக்கட்டும். கன்றுக்கு இரங்கக் கற்றுக்கொண்டவன் பெற்றவளை அழவைத்தால் நான் கற்றது என்ன?

நம்மைவிடப் பெரியவர்களே இதில் தடுமாறியிருக்கிறார்கள். காந்திஜி 1912-ல் தென்னாப்பிரிக்காவில் பால் சாப்பிடுவதில்லை என்று விட்டார். 1918-ல் இதே கேடா ஜில்லாவில் நடியாத்தில் சீதபேதியில் விழுந்து, பிழைப்பதே கஷ்டம் என்ற நிலை வந்தது. விரதம் எடுத்தபோது பசு, எருமைப் பாலைத்தானே மனதில் வைத்தீர்கள் என்று கஸ்தூர்பா வழி காட்ட, ஆட்டுப்பால் குடித்தார். வார்த்தையைக் காப்பாற்றி அதன் கருத்தைக் கைவிட்டேன் என்ற வருத்தத்தை அவர் சுயசரிதையில் மறைக்காமல் எழுதியிருக்கிறார்.

இப்போது அந்த மூன்று நாள். அப்பாவின் சிராத்தம், அம்மாவின் சிராத்தம், ஆவணி அவிட்டம்.

சிராத்தத்தில் ஹோமத்துக்கு நெய் வேண்டும். இலையில் தயிரும் நெய்யும் விழ வேண்டும். பிராம்மணர்கள் சாப்பிட்டபின் மிஞ்சியதைக் கர்த்தா சாப்பிட வேண்டும். அது பித்ரு சேஷம், வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆவணி அவிட்டத்தில் பஞ்சகவ்யம். "நெய்க்குப் பதில் நல்லெண்ணெய் ஆகாதா?" என்று எங்கள் வாத்தியாரைக் கேட்டேன். அவர் கோபிக்கவில்லை. "பசு நெய்னு இருக்கறதை மாத்த எனக்கு அதிகாரம் இல்லை. ஆனா எந்தப் பசுன்னு தேடறது உங்க பொறுப்புதானே?" என்றார்.

பத்து வருஷம் என் மனதில் இருந்த முடிச்சு அந்த ஒரு கேள்வியில் அவிழ்ந்தது. ஊருக்கு வெளியே ஒரு கோசாலை இருக்கிறது. காளைக்கன்றுகளையும் வற்றிய மாடுகளையும் கடைசிவரை வைத்துக் காப்பாற்றுகிறார்கள். கன்று குடித்தது போகத்தான் கறக்கிறார்கள். நானே போய்ப் பார்த்தேன். மூன்று நாளைக்கு வேண்டியதை அங்கேதான் வாங்குகிறேன். கடை விலையைப் போல மூன்று பங்கு. ஒரு கன்றும் பட்டினி கிடக்காமல் பால் கிடைக்க அவ்வளவு செலவாகும் என்று அப்போதுதான் தெரிந்தது. "அப்பா, இது ஏமாத்து இல்லையா?" என்கிறாள் என் பெண். இருக்கலாம். ஆனால் அம்மா சிராத்தத்தன்று இலையில் விழும் அந்தத் தயிரை நான் தள்ள மாட்டேன்.

உங்கள் எல்லோரையும் வீகனாக மாறச் சொல்ல வரவில்லை. இரண்டு விஷயம் மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நாளைக் காலை பால்காரரிடம் காளைக்கன்று எங்கே போகிறது என்று கேளுங்கள். பதில் பிடிக்காவிட்டால் வீட்டில் பேசுங்கள். உங்கள் பிள்ளையோ பெண்ணோ நெய் வேண்டாம் என்று சொன்னால், "நம்ம ஆத்துல இதென்ன புதுப் பழக்கம்" என்று வாயை அடைக்காதீர்கள். அந்தப் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: பாட்டியிடம் புள்ளிவிவரம் பேசாதீர்கள்.

காபி தயாராகிவிட்டது என்று வாசனை சொல்கிறது. எனக்கு டிகாக்ஷன் மட்டும் போதும்.