மூச்சுக் கருவியும் வீட்டாரின் கடமையும்

(ஊராட்சி ஒன்றியக் கூட்ட மன்றத்தில் நடைபெற்ற நலவாழ்வுக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



கிணற்றில் நீர் நிறைந்திருந்தாலும் ஃபுட் வால்வில் குப்பை அடைத்துக்கொண்டால் வயலுக்கு நீர் ஏறாது. மருந்தடித்த தெளிப்பானைக் கழுவாமல் மூலையில் வைத்தால் அடுத்த முறை அது உதவாது. இவற்றை நாங்கள் சொல்லி நீங்கள் அறிய வேண்டியதில்லை. ஆனால், அண்மைக் காலமாக நம் சிற்றூர் வீடுகளுக்குள் வந்திருக்கும் ஒரு கருவிக்கும் இவ்விதி பொருந்தும் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. உறக்கத்தில் மூச்சுத் தடைப்படும் நோயாளர் இரவில் அணியும் சிபாப் கருவியையே குறிப்பிடுகின்றோம்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்வது இயற்கை. சிலருக்கு அவை மிகுதியும் தளர்ந்து மூச்சு வழியையே அடைத்துவிடுகின்றன. பத்து வினாடியோ அதற்கு மேலுமோ மூச்சு நின்று, இரத்தத்தில் பிராணவாயு குறைகிறது. உடனே மூளை விழித்துத் தூண்ட, நோயாளர் திணறி மூச்சை இழுக்கிறார். ஓர் இரவில் இது பன்முறை நிகழும். பலத்த குறட்டை, இடையே திடீர் அமைதி, பின்னர் ஒரு திணறல் ஆகியவை இதன் அடையாளங்கள். காலையில் தலைவலியும் பகலில் அடக்கவியலாத தூக்கமும் உண்டாகும். இரத்த அழுத்தமும் உயரக்கூடும்.

இந்நோய்க்கு 1980-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவர் ஒரு வழி கண்டு, மறு ஆண்டு உலகிற்கு அறிவித்தார். சிறு மோட்டார் ஒன்று அறைக் காற்றை இழுத்து, குழாய் வழியாக முகமூடிக்குள் செலுத்துகிறது. அக்காற்றின் அழுத்தம் தொண்டை வழியை மூடவிடாமல் தாங்கி நிற்கிறது. இக்கருவி நோயை வேரோடு அகற்றுவதில்லை. அணிந்துகொள்ளும் இரவுகளில் மட்டுமே காக்கிறது. எனவே அணிவதை நிறுத்தினால் நோய் திரும்பிவிடும்.

இதனை எங்கள் வீட்டிலேயே கண்டோம். எங்கள் தந்தையார் எழுபது வயது கடந்த விவசாயி. கருவி வந்த முதல் மாதத்திலேயே திண்ணையில் சாய்ந்தபடி தூங்கி வழிவது அவருக்கு நின்றது. ஓராண்டு கழித்து ஒரு நாள், “இதில் நாற்றம் அடிக்கிறதப்பா, மூக்கும் எரிகிறது” என்று சொல்லி, அதைப் பரண்மேல் வைத்துவிட்டார். முதியவர் பிடிவாதம் என்று நாங்களும் விட்டுவிட்டோம். மூன்றாம் வாரம் வயலிலிருந்து மொபெட்டில் திரும்புகையில் கண் அயர்ந்து, வண்டியோடு வாய்க்காலில் சரிந்தார். அன்று வாய்க்காலில் நீரில்லாமையால் தோள் எலும்பு முறிவோடு உயிர் தப்பினார்.

அன்றிரவு கருவியை இறக்கிப் பார்த்தோம். வடிகட்டி கறுத்துக் கிடந்தது. நீர்த்தொட்டியில் ஆழ்துளைக் கிணற்று நீரின் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. குழாயில் பூஞ்சை வாடை வீசியது. முகமூடியின் விளிம்பு எண்ணெய்ப் பிசுக்கால் வழுவழுத்துக் காற்று கசிந்தது. முதியவர் சொன்னது பிடிவாதமன்று, உண்மை என்பதை அன்றே உணர்ந்தோம். ஓராண்டுக் காலம் அதனை ஒருவரும் கழுவவில்லை. அது எங்கள் குற்றம். அதன்பின் நாங்கள் கைக்கொண்ட முறையை உங்கள் முன் வைக்கின்றோம்.

நாள்தோறும் செய்ய வேண்டியவை: காலையில் மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே கருவியைத் தொட வேண்டும். முகமூடியில் முகத்தைத் தொடும் மெத்தை விளிம்பை வெதுவெதுப்பான நீரிலும் மென்மையான சோப்பிலும் கழுவி, நல்ல நீரில் அலசி, நிழலில் உலர்த்துக. தொட்டியில் எஞ்சிய நீரைக் கொட்டிவிட்டுக் காய வைக்க வேண்டும். பழைய நீரின்மேல் புதுநீர் ஊற்றலாகாது. இரவில் அணியுமுன் முகத்தைக் கழுவித் துடைத்துக்கொள்வது அவசியம். தலையிலும் முகத்திலும் தடவிய எண்ணெய் அம்மெத்தையை விரைவில் கெடுத்துவிடும்.

வாரம் ஒருமுறை குழாய், முகமூடிச் சட்டம், தலைப்பட்டை, தொட்டி ஆகியவற்றைத் தனித்தனியே கழற்றிச் சோப்பு நீரில் கழுவுக. குழாயினுள் நீரை விட்டுக் குலுக்கி, கொடியில் தொங்கவிட்டு உள்ளே ஈரமின்றி வடிய விடுக. கடும் வெயிலில் போட்டால் பிளாஸ்டிக்கும் சிலிக்கோனும் வெடித்துக் கெடும். தொட்டியில் உப்பு படிந்திருந்தால், கையேடு இடமளிக்குமாயின், ஒரு பங்கு வெள்ளை வினிகரில் ஒன்பது பங்கு நீர் கலந்து ஊறவைத்து, வாடை போக அலசுக. மோட்டார் உள்ள பெட்டியின் மேல் ஒருபோதும் நீர் ஊற்றலாகாது. ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

தொட்டிக்கு ஊற்றும் நீர் காய்ச்சி வடித்த நீராக இருத்தல் வேண்டும். மருந்துக் கடைகளில் கேட்டு வாங்கலாம். கொதிக்க வைத்து ஆற்றிய நீர் கிருமியைக் கொல்லுமேயன்றி உப்பை நீக்காது என்பதை நினைவிற் கொள்க.

வடிகட்டியே நம் ஊர்களில் மிகுந்த கவனத்துக்கு உரியது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகையைக் கழுவலாகாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் மாற்றுக. ஆனால் அறுவடைக் காலத் தூசியும் விறகடுப்புப் புகையும் உள்ள வீட்டில் அதற்கு முன்பே அது கறுத்துவிடும். ஆகவே மாதந்தோறும் எடுத்துப் பார்த்து, நிறம் மாறியிருந்தால் உடனே மாற்றுக. கழுவத்தக்க பஞ்சு வகையாயின் அலசி, முற்றும் உலர்ந்த பின்னரே பொருத்துக.

செய்யத் தகாதவற்றையும் சொல்லிவிடுகின்றோம். பிளீச்சிங் பவுடர், கிருமிநாசினி மருந்து, சாராயக் கலவை ஆகியவற்றால் கழுவாதீர்கள். நீலகிரித் தைலம் முதலிய நறுமண எண்ணெய்களைத் தொட்டியில் விடாதீர்கள். ஓசோன் வாயுவாலோ புற ஊதாக் கதிராலோ தானே சுத்தம் செய்யும் என்று விற்கப்படும் பெட்டிகளைக் குறித்து, 2020-ஆம் ஆண்டிலேயே அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விடுத்துள்ளது. சோப்பும் நீரும் செய்யும் வேலைக்கு ஆயிரக்கணக்கில் செலவிட வேண்டியதில்லை.

கருவியைக் கட்டிலைவிடத் தாழ்ந்த பலகையில் வைத்தால் குழாயில் தேங்கும் நீர் முகத்துக்கு வாராது. போர்வையோ கொசுவலையோ காற்று நுழையும் துளையை மறைக்கக் கூடாது. தொட்டியில் நீருடன் கருவியைத் தூக்கிச் சென்றால் மோட்டாருக்குள் நீர் புகும். பகலில் எறும்பும் பூச்சியும் புகாதபடி, நன்கு உலர்ந்த பின் மெல்லிய துணியால் மூடி வைக்கலாம். இரவில் இயக்குமுன் அத்துணியை மறவாமல் எடுத்துவிட வேண்டும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் தக்க ஸ்டெபிலைசர் வேண்டும். இடி மின்னலின்போது இணைப்பை எடுத்துவிடுங்கள். மின்வெட்டு மிகுதியானால் இன்வெர்ட்டர் குறித்து விற்பனையாளரிடமும் மருத்துவரிடமும் கலந்துகொள்க.

ஒருவரது கருவியை மற்றொருவர் இரவல் வாங்குதல் கூடாது. காற்றின் அழுத்தத்தை ஒவ்வொருவருக்கும் மருத்துவரே கணித்து அமைக்கிறார். டிராக்டர் ஓட்டுவோரும் லாரி ஓட்டுவோரும் பலத்த குறட்டையும் பகல் தூக்கமும் உடையவராயின், அவர்களை நாணமின்றி மருத்துவரிடம் செல்லத் தூண்டுங்கள்.

உறுப்பினர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் வேலைக்கென்று திருப்பூருக்கும் சென்னைக்கும் சென்றுவிட, தனித்து வாழும் முதியோர் உங்கள் ஊர்களில் உளர். அவர்களுள் எவரிடம் இக்கருவி உள்ளது என விசாரித்து அறிந்து, வாரத்தில் ஒரு நாள் அதனைக் கழுவித் தர ஓர் இளைஞரையோ மகளிர் குழு உறுப்பினரையோ ஏற்பாடு செய்யுங்கள். அரை மணி நேர வேலைதான். வீட்டு முதியவர் கருவியை ஒதுக்கி வைத்தால் கடிந்துகொள்ளுமுன் அதன் வடிகட்டியை எடுத்துப் பாருங்கள்.

எங்கள் இல்லத்தில் ஞாயிறுதோறும் காலையில் பேரன் குழாயைக் கொடியில் போடுகிறான். தந்தையார் மறுபடியும் வயலுக்குச் சென்று வருகிறார்.