வேகமும் வலிமையும்

வீதி அமைப்பதற்காகக் கொண்டுவரப்பட்டு ஓரத்தில் உருட்டி விடப்பட்ட தார்ப்பீப்பாய்களைக் காணாதார் இலர். அதிகாலைக் குளிரில் அப்பீப்பாயிலிருந்து பெயர்த்தெடுத்த கட்டியொன்றைச் சுத்தியலால் ஓங்கி அடித்தால், அது கண்ணாடி போலச் சில்லுச் சில்லாகச் சிதறும். அத்தகைய கட்டியொன்றைப் பலகைமீது வைத்துவிட்டுச் சில நாள் கழித்து வந்து பார்த்தால், அது அடிபரந்து மெல்ல வழிந்து பலகையோடு ஒட்டிக் கிடக்கும். பொருள் ஒன்றே. ஓங்கி அடித்தவனுக்கு அது கல்; காத்திருந்தவனுக்கு அது பாகு. அங்ஙனமாயின் தார் திண்மமா, திரவமா? இவ்வினாவுக்கு விடை கூறுமுன், ‘எவ்வளவு விரைவில்?’ என்ற மறுவினாவை எழுப்புதல் வேண்டும்.

இவ்வுண்மையை மாணாக்கருக்கு உணர்த்த விரும்பினார், அவுஸ்திரேலியாவிலுள்ள குயீன்ஸ்லாந்துப் பல்கலைக்கழகத்துப் பௌதிகப் பேராசிரியர் தோமஸ் பாணெல். தாரின் இனமாகிய கீலை 1927ஆம் ஆண்டில் உருக்கி ஒரு கண்ணாடிப் புனலில் வார்த்தார். அது நன்றாக அடங்குவதற்கு மூன்றாண்டு விட்டு, 1930இல் புனலின் அடிமுனையை வெட்டித் திறந்தார். முதல் துளி விழுவதற்கு எட்டு ஆண்டுகள் சென்றன. ஒன்பதாவது துளி 2014இலேதான் பிரிந்தது. சுத்தியலால் அடித்தால் நொறுங்கும் அப்பொருள், ஆண்டுக்கணக்கில் பொறுத்திருப்போருக்கு நீரைப் போல ஒழுகிக் காட்டுகின்றது.

தாரில் வெளிப்படையாகத் தோன்றும் இக்குணம் உருக்கிலும், கொங்கிறீற்றிலும், மரத்திலும் மறைந்து கிடக்கின்றது. பாலமும் கட்டடமும் கப்பலும் அமைப்போர் இதனை மறந்துவிட்டால் நேர்வது வகுப்பறை வேடிக்கை அன்று, உயிர்ச்சேதம்.

உருக்கின் வலிமையை அளக்கும் முறை எளியது. ஒரு கோலின் இரு முனைகளையும் பொறியொன்று கவ்விப் பிடித்து, அறுமட்டும் இழுக்கின்றது. எவ்வளவு விசையில் அது நிரந்தரமாக நீளத் தொடங்கிற்று, எவ்வளவு விசையில் அறுந்தது என்பன குறிக்கப்படுகின்றன. ஆயினும் அப்பொறி எவ்வளவு வேகத்தில் இழுத்தல் வேண்டும்? இன்றைய சர்வதேச நியமம் ஒன்று, உருக்கு நீளத் தொடங்கும் கட்டத்தை அளப்பதற்கு, ஒரு செக்கனுக்கு நீளத்தின் பத்தாயிரத்தில் இரண்டரைப் பங்கு என்ற வேகத்தை வகுத்துள்ளது. 100 மில்லிமீற்றர் நீளமுள்ள கோலாயின், ஒரு நிமிடத்தில் ஒன்றரை மில்லிமீற்றர் மட்டுமே நீளும். கண்ணுக்குப் புலப்படாத இவ்வாமை நடையை நியமம் வலியுறுத்துவதற்குத் தக்க காரணம் உண்டு.

அக்காரணத்தை முதன்முதல் தேடிச் சென்றவர்களுள் ஒருவர், மன்செஸ்ரர் நகரிற் பிறந்த பொறியியலறிஞர் ஜோன் ஹொப்கின்சன். 1872இல் அவர் நீண்ட இரும்புக் கம்பியொன்றை மேலே பொருத்தித் தொங்கவிட்டு, அதன் கீழ்முனையில் ஒரு பற்றியை இறுக்கினார். நடுவில் துளையிட்ட எடையொன்றைக் கம்பிவழியே நழுவ விட்டு, அப்பற்றிமீது விழச் செய்தார். எடை கூடக் கூடக் கம்பி எளிதில் அறும் என்றே எவரும் எதிர்பார்ப்பர். நிகழ்ந்ததோ வேறு. கம்பி அறுவதும் அறாததும் பெரும்பாலும் எடையின் அளவைச் சாரவில்லை. எடை விழுந்த உயரத்தையே, அஃதாவது அது மோதிய வேகத்தையே சார்ந்து நின்றது. வேறொரு புதுமையும் கண்டார். அடி விழுந்ததோ கீழ்முனையில். பல தடவைகளிற் கம்பி அறுந்ததோ மேல்முனையில்.

ஹொப்கின்சன் இதற்கு விளக்கம் கண்டார். அடியின் செய்தி கம்பி முழுவதையும் ஒருங்கே சென்றடைவதில்லை. அது குளத்து நீரில் அலை செல்வது போலக் கம்பியில் ஓடுகின்றது. இரும்பில் அதன் வேகம் செக்கனுக்கு ஏறக்குறைய 5000 மீற்றர். மேலே பொருத்திய முனையை அடைந்ததும் அவ்வலை திரும்பும். வருவதும் மீள்வதும் அவ்விடத்தில் ஒன்றுசேர, இழுவை இரட்டிப்பாகும்.

தந்தையின் பரிசோதனையை மகன் தொடர்ந்தார். ஜோன் ஹொப்கின்சன் 1898இல் ஆல்ப்ஸ் மலையில் ஏறும்போது மக்கள் மூவருடன் உயிரிழந்தார். எஞ்சியிருந்த மக்களுள் ஒருவரான பேட்ரம், பின்னர் கேம்பிறிட்ஜில் பேராசிரியராகி, 1905இல் அதே கம்பிச் சோதனையை நுட்பமாக மீண்டும் செய்தார். மெல்ல இழுத்தால் கம்பியை நிச்சயமாக அறுத்துவிடும் அளவிலும் மேற்பட்ட தகைப்பை, ஒரு செக்கனின் ஆயிரத்திலொரு பங்கு நேரம் மட்டும் செலுத்தினால், கம்பி அறுவதில்லை, நிரந்தரமாக நீள்வதுமில்லை. இதுவே அவர் கண்ட முடிபு. உலோகம் தளர்வதற்கும் சிறிது நேரம் வேண்டும் என்பது இதனாற் புலனாயிற்று. 1914இல் அவர் அமைத்த உருக்குக் கோற் கருவியை, 1949இல் கொல்ஸ்கி என்னும் அறிஞர் இரு கோல்களாகப் பிரித்து, இடையில் சோதனைப்பொருளை வைக்கும் முறையை வகுத்தார். இன்றும் உலகின் ஆய்வுகூடங்களில் அக்கருவி ஹொப்கின்சன் பெயரையே தாங்கி நிற்கின்றது. இதற்கிடையே 1944இல், அமெரிக்காவில் மன்ஜோயின் என்பவர், மென்னுருக்கை மிக மெதுவாகவும் மிக விரைவாகவும் இழுத்துப் பார்த்து, விரைவில் அது நெளியத் தொடங்குவதற்கு இரு மடங்குக்கு மேற்பட்ட விசை வேண்டியிருப்பதை அளந்து காட்டினார்.

இதன் காரணம் யாது? உலோகத்தின் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டவை. அவ்வடுக்கில் ஆங்காங்கே வரிசை பிசகிய இடங்கள் உள. விரித்த பாயில் விழுந்த மடிப்பைக் கையால் ஓரத்துக்குத் தள்ளிச் செல்வது போல, விசையானது இப்பிசகுகளை நகர்த்துவதனாலேயே உலோகம் வளைகின்றது. அவை செல்லும் வழியில் தடைகள் உண்டு. வெப்பத்தினால் அணுக்கள் இடையறாது அதிர்ந்துகொண்டிருக்கின்றன. தக்க தருணத்தில் அவ்வதிர்வும் கைகொடுக்க, பிசகு தடையைத் தாண்டுகின்றது. மெல்ல இழுத்தால் அத்தருணம் வருமட்டும் காத்திருக்க நேரம் உண்டு. திடீரென இழுத்தால் நேரமில்லை. முழு வேலையையும் விசையே செய்தாக வேண்டும். குளிரிலும் இதுவே நிகழும். அங்கே அதிர்வு குன்றியிருக்கும். எனவே உருக்கைப் பொறுத்தவரை, வேகத்தைக் கூட்டுவதும் குளிரைக் கூட்டுவதும் ஒரே திசையிற் செல்லும் இரு வழிகளாம்.

வேகத்தோடு வலிமையும் கூடுமாயின் அஞ்சுவதற்கு யாதுளது என்று ஒருவர் வினவலாம். அபாயம் அங்கேதான் மறைந்திருக்கின்றது. உருக்குக்கு இரு வழிகள் உள: ஒன்று நெளிந்து கொடுத்தல், மற்றது பிளத்தல். நெளியும் உருக்கு முன்கூட்டியே எச்சரிக்கை செய்யும். அடியின் சத்தியையும் தன்னுள் வாங்கிக்கொள்ளும். நெளிவதற்கு வேண்டிய விசை வேகத்தாலும் குளிராலும் உயர்ந்துகொண்டே சென்றால், ஓரெல்லையில் பிளத்தலே எளிதாகிவிடும். அப்போது உருக்கும் தார்க்கட்டியின் வழியைப் பின்பற்றும். பிரான்சு நாட்டு ஜோர்ஜ் சார்ப்பி 1901இல் வகுத்த ஊசற் சுத்தியற் சோதனை இவ்வெல்லையை அறிய உதவுவது. வெட்டுக் காயமிட்ட சிறு உருக்குத் துண்டொன்றைச் செக்கனுக்கு ஏறக்குறைய 5 மீற்றர் வேகத்திற் சுத்தியல் தாக்கி, அது நெளிந்து முறிகின்றதா, வெடித்துப் பிளக்கின்றதா என்று காட்டும்.

இவ்வெல்லையை அறியாமையின் விலை இரண்டாம் உலகப்போரிற் செலுத்தப்பட்டது. 1943 சனவரி 16ஆம் நாள், அமெரிக்காவின் போட்லண்ட் நகரில், கடலோட்டச் சோதனையை முடித்துவந்து அமைதியான நீரிற் கட்டப்பட்டிருந்த ஸ்கெனெக்ரடி என்னும் புதிய எண்ணெய்க் கப்பல், குளிர் நிறைந்த இரவிற் பேரோசையுடன் நடுவே பிளந்தது. அதன்மேற் புயலும் இல்லை, குண்டும் விழவில்லை. அவ்வாண்டு நவம்பரில் ஜோன் பி. கெயின்ஸ் என்ற சரக்குக் கப்பல் கடலிலேயே முறிந்தது; பத்துப் பேர் மாண்டனர். ஒட்டுவேலையின் குறை என்றே பலர் கருதினர். கேம்பிறிட்ஜில் ஆராய்ந்த கொன்ஸ்ரன்ஸ் ரிப்பர் அம்மையார், அக்காலத்து உருக்கு ஒரு குறித்த வெப்பநிலைக்குக் கீழே நொறுங்குந்தன்மை அடைந்ததே முதன்மையான காரணம் என நிறுவினார். ஒட்டுவேலை செய்தது, தகடுகள் அனைத்தையும் ஒன்றாக்கி, வெடிப்புத் தடையின்றி ஓட வழிவிட்டதே. வெடிப்பொன்று ஓடத் தொடங்கியதும் அதன் முனைக்கு எதிரேயுள்ள உருக்கு, கண்ணிமைப்பதிலும் மிகக் குறைந்த நேரத்திற் சுமையேற்றப்படுகின்றது. நெளிவதற்கு அதற்கு அவகாசம் ஏது? கப்பல் துறையில் அசையாது நிற்கலாம். அதனுள் ஓடும் வெடிப்பே சுத்தியலாகிவிடுகின்றது.

இனிக் கொங்கிறீற்றை நோக்குவோர், அங்கே வேறொரு படிப்பினையைக் காண்பர். கட்டடத்துக்கு வார்க்கும் கொங்கிறீற்றிலிருந்து எடுத்துச் செய்த கனவுருக் கட்டிகளைப் பொறியில் இட்டு நசுக்கி, அதன் வலிமையை அறிகின்றனர். விரைவாகச் சுமையேற்றினால் வலிமை கூடுதலாகத் தோன்றும் என்பதை அமெரிக்கரான டஃப் ஏபிரம்ஸ் 1917ஆம் ஆண்டிலேயே காட்டினார். ஐரோப்பிய நியமம், சதுர மில்லிமீற்றருக்குச் செக்கனில் 0.6 நியூற்றன் என்ற அளவை ஒட்டிச் சுமையைக் கூட்டுமாறு விதிக்கின்றது. 30 நியூற்றன் வலிமையுள்ள கட்டி நசிவதற்கு ஏறக்குறைய 50 செக்கன் செல்லும். பொறியை இயக்குபவர் பொறுமையிழந்து அதனைச் சில செக்கன்களில் நசுக்கிவிட்டால், மானி உயர்ந்த எண்ணைக் காட்டும். தேறாத கொங்கிறீற்றுத் தேறியதாகப் பதிவாகும். கட்டிக்கொடுப்பவர் மகிழ்வார், பதிவேடும் குறைசொல்லாது. எனினும் அக்கூரையின் கீழே உறங்கப் போகின்றவர்களின் சுமை, சில செக்கன்களுக்கு மட்டும் ஏற்றப்படுவதன்று. பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழி, அந்தச் சோதனைக்கூடத்தின் வாயிலிற் பொறிக்கத் தக்கது.

ஏனெனில், நேரம் மறுபுறமாகவும் வேலை செய்கின்றது. ஜெர்மானியரான ரூஷ் 1960இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, சிறிது நேரச் சோதனையிற் கண்ட வலிமையின் ஏறக்குறைய 80 வீதத்துக்கு மேற்பட்ட சுமையை நெடுங்காலம் தாங்கவிட்டால், கொங்கிறீற்று ஒருநாள் நசிந்தே தீரும். மரத்தின் நிலை இன்னும் கடியது. அமெரிக்காவின் மடிசன் நகரத்து ஆய்வுகூடத்தில் 1951இல் வகுத்த கணிப்பின்படி, சில நிமிடச் சோதனையில் முறியும் சுமையின் ஏறக்குறைய 62 வீதமே பத்தாண்டுக் காலம் தாங்கத் தகுந்தது. கூரைமரத்தைத் தெரிபவர் இதனை எண்ணியே அளவிடல் வேண்டும்.

ஆகவே, ‘இப்பொருளின் வலிமை இவ்வளவு’ என்ற கூற்று அரைகுறையானது. எந்த வேகத்தில், எந்தக் குளிரில், எவ்வளவு காலத்துக்கு என்பனவும் சேர்ந்தாலே அது நிறைவுறும். சோதனைச் சான்றிதழில் விசையின் எண்ணுக்கு அருகே வேகத்தின் எண்ணும் இருத்தல் வேண்டும் என்று நியமங்கள் கேட்பது வெறும் எழுத்துச் சடங்கு அன்று. அவ்விரண்டாவது எண்ணைக் கேட்டு வாங்குபவர், பாலத்தைக் கடக்கும் முன்பின் அறியாத பலருக்குக் காவலாகின்றார்.