காலக்கெடுவும் நம் உரிமையும்



வெள்ளி விழா மேடையில் மகிழ்ச்சிக்குரியவற்றைப் பேசுதலே மரபு. ஆயினும் துறைமுகத்திலும் உப்பளத்திலும் கடலிலும் உடலுழைப்பை நம்பி வாழும் நாம், கசப்பான ஒன்றையும் இன்று பேசியாக வேண்டும்.

நம் தெருவில் ஒரு குடும்பம். சரக்கு இறக்கும்போது மூட்டைகள் சரிந்து குடும்பத் தலைவரின் முதுகெலும்பு முறிந்தது. "வழக்கு எதற்கு? நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார் ஒப்பந்தக்காரர். சில மாதம் சிறு தொகை வந்தது. பின்னர் அதுவும் நின்றது. மூன்றாண்டு கழிந்தபின் அவர் மனைவி நம்மிடம் வந்தார். மனு எழுதிக் கொடுத்தோம்; தாமதத்துக்கான காரணத்தை எழுதத் தவறினோம். காலங்கடந்தது என்று மனு தள்ளுபடியாயிற்று. அவர் பொய்யுரைத்தார் என எவரும் கூறவில்லை. முறிவு மெய், வழக்கு தோற்றது தேதியால். அத்தோல்வியில் நமக்கும் பங்குண்டு.

சட்டம் கூறுவது யாது? விபத்து இழப்பீட்டுக்கென 1923ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சட்டம், 1924 ஜூலை 1 முதல் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அதன் இடத்தை, 2025 நவம்பர் 21 முதல் 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு பெற்றுள்ளது. சட்டம் மாறினும் வரம்பு மாறவில்லை. விபத்து நாளிலிருந்து, மரணமாயின் இறந்த நாளிலிருந்து, 2 ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். ஒப்பந்தக்காரர் அளிக்கும் வாக்குறுதி அந்தக் கணக்கை நிறுத்தாது. ஈ.எஸ்.ஐ. காப்பில் உள்ளோர்க்கு மட்டும் வழி வேறு.

முத்துக்குளிப்பு ஓய்ந்த நம் கடலில் சங்கு குளிப்பு ஓயவில்லை. குழாய்க் காற்றைச் சுவாசித்து ஆழத்தில் உழைப்போர்க்குக் கை கால் முடங்குவதுண்டு. அழுத்தக் காற்றில் செய்யும் வேலையால் வரும் நோய் தொழில் நோய்ப் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. நோய்க்கு விபத்து நாள் எது? அதனால் தொடர்ந்து வேலைக்குச் செல்ல இயலாமற்போன காலத்தின் முதல் நாளே. அந்த நாளை எழுதி வைக்காதவர், கணக்கு எங்கே தொடங்கிற்று என்பதையே இழக்கிறார். பங்கு முறையில் குளிப்போர், முதலாளி இன்னார் என்பதற்கும் சான்று தேட வேண்டியுள்ளது.

காலம் கடந்தால் கதவு முற்றிலும் அடைபடுவதில்லை. போதிய காரணம் உண்டென நம்பினால், தாமதித்த மனுவையும் அதிகாரி ஏற்கலாம். மருத்துவமனையில் கிடந்தோம், ஏமாற்றப்பட்டோம் என்பவற்றை நாள்வாரியாக, சான்றுடன் எழுத வேண்டும். தள்ளுபடியானால் 60 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு உண்டு. ஆனால் அங்குச் சட்டப் பிரச்சினை ஒன்றைக் காட்டியாக வேண்டும். ஒப்பந்தக்காரர் வழி வேலை செய்தோர், வேலையை ஒப்படைத்த முதன்மை நிறுவனத்திடமும் கோரலாம். உரிமையை விட்டுக்கொடுத்ததாகக் கைநாட்டு வாங்கிய தாள் செல்லாது.

இளைஞர்களே! அண்ணல் அம்பேத்கர் 1942 முதல் 1946 வரை வைசிராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்தார். அவர் வழி வந்தோர் என்று கூறும் நாம், கற்ற கல்வியைப் பக்கத்து வீட்டுக்குப் பயன்படுத்தாவிடில் பட்டம் எதற்கு? விபத்து நடந்த அன்றே நாள், நேரம், இடம், கண்டோர் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்வோம். மருத்துவச் சீட்டையும் கூலிச் சீட்டையும் பத்திரப்படுத்துவோம். முதல் வாரத்திலேயே வேலை கொடுத்தவருக்கு எழுத்தில் அறிவிப்போம், நகலை வைத்துக்கொள்வோம்.

இனி நம் தெருவில் ஒரு மனுவேனும் தேதியால் தோற்கலாகாது. இதுவே இவ்வெள்ளி விழாவில் நாம் ஏற்கும் உறுதியாகுக.