முளைவிட்ட தானியமும் கிடாக்குட்டிகளும்



ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று நான்கு மாதங்கள் முன்பே செம்மறிக் கிடாக்குட்டி வாங்கிக் கட்டி வளர்க்கும் குடும்பங்கள் நம் மஹல்லாவில் பல உள்ளன. சிலருக்கு அது குர்பானிப் பிராணி. தனித்து வாழும் தாய்மார்கள் சிலருக்கோ அதுவே ஆண்டு வருமானம். ஒரு குட்டி இறந்தால் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமே போய்விடுகிறது. ஆகவேதான் முளைத்தீவனம் பற்றிப் பேச முன்வந்தோம்.

ஒரு கிலோ மக்காச்சோளம் எட்டு நாளில் ஆறு கிலோ தீவனமாகிறது என்பர். கூற்று பொய்யன்று, ஆனால் கூடிய எடை தண்ணீரின் எடையே. உலர்ந்த ஒரு கிலோ மக்காச்சோளத்தில் ஏறத்தாழ 900 கிராம் உலர்பொருள் உண்டு. ஆறு கிலோ முளைத்தீவனத்தில், நூற்றுக்கு 13 பங்கு எனக் கொண்டால், 780 கிராமே தேறும். முளை வளர்வதற்கென விதை தன் மாவுச்சத்தையே செலவிட்டுக்கொள்கிறது. இக்கணக்கை அறியாமல் அடர்தீவனத்தை அறவே நிறுத்தி, முளையை மட்டுமே போட்டவர்கள் நாம். குட்டிகளின் வயிறு நிரம்பிற்று. முதுகெலும்போ தடவும்போதெல்லாம் கையில் தட்டுப்பட்டது.

பயனே இல்லையா எனில், உண்டு. முளைக்கையில் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாகிறது, வைட்டமின்கள் பெருகுகின்றன. பசும்புல் கிட்டாத கோடையில் குட்டிகள் விரும்பித் தின்னும் பசுமை இது. புண்ணாக்கு, தவிடு, தானியம் கலந்த அடர்தீவனத்தோடும் கடலைக்கொடி போன்ற உலர்தீவனத்தோடும் சேர்த்தே கொடுத்தல் வேண்டும்.

பெருநாள் நெருங்குகிறதே என்று திடீரெனத் தானியத்தை அள்ளிப்போடுவோரும் உளர். இரண்டு நாள் முளையும் தானியமே என்பதை மறவாதீர். வயிற்றில் அமிலம் மிகுந்து, குட்டி தீனியை வெறுத்து, கழிந்து, ஓரிரு நாளில் மடிந்துவிடலாம். துள்ளுமாரியும் நன்கு தின்று கொழுக்கும் குட்டிகளையே பெரிதும் தாக்கும். அதற்குத் தடுப்பூசி உண்டு. புதிய தீவனம் எதுவாயினும் இரண்டு வாரங்களில் சிறுகச் சிறுகக் கூட்டுக.

தட்டுகளை நாள்தோறும் கழுவுக. பூஞ்சை கண்டால் மொத்தத்தையும் எறிந்துவிடுக. வீணாகிறதே என்று கோழிக்கும் போடற்க. மக்காச்சோளம் வேறு, சோளம் வேறு. சோளத்தின் இளங்குருத்தில் சயனைடு நஞ்சு உண்டாகும். ஆதலின் அதனை முளைக்கவைத்தல் ஆகாது. கடையில் கிடைக்கும் சாயமேறிய விதையும் வேண்டாம். அது விதைப்பதற்கென மருந்து பூசப்பட்டது.