வாடகை வீடும் குற்றவாளி முத்திரையும்

(எருமப்பட்டியில் இளைஞர்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



'வாடகைக்கு ஆளுங்க வந்த பிறகுதான் திருட்டு பெருகிப்போச்சு' என்று டீக்கடையில் பேசுகிறார்கள். சொந்த வீட்டுக்காரன் யோக்கியன், வாடகைக்காரன் சந்தேகத்துக்குரியவன். இந்தப் பார்வை இன்றைக்குப் பிறந்ததல்ல. வெள்ளை அரசாங்கம் 1871இல் குற்றப் பரம்பரைச் சட்டம் போட்டது. 1911இல் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. சேலம் சீமையில் உப்பும் தானியமும் பொதி சுமந்து விற்ற குறவர்கள் அதில் சிக்கினார்கள். ஓரிடத்தில் வீடு இல்லாமல் அலைந்ததே சந்தேகத்துக்குப் போதுமானதாக இருந்தது. 1947இல் இங்கே அந்தச் சட்டம் ஒழிந்தது. பார்வை ஒழிந்ததா?

நம்ம மாவட்டத்தையே பாருங்க. 2024 செப்டம்பரில் திருச்சூரில் மூன்று ஏ.டி.எம்.களை உடைத்துவிட்டுக் கன்டெய்னர் லாரியில் வந்த அரியானா கும்பலைக் குமாரபாளையம் பக்கம் போலீஸ் மடக்கியது. ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தக் கும்பல் நம்மகிட்ட வாடகைக்கு வீடு கேட்டு வந்ததல்ல. ரோட்டில் வந்து ரோட்டிலேயே போக இருந்தது. ஆனால் பேச்சு யார் மேல் திரும்புகிறது? கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் ஒடிசாக்காரன் மேல்.

அதற்கு முந்தின வருசம், 2023 மே மாதம், ஜேடர்பாளையம் பக்கம் வெல்லம் காய்ச்சும் ஆலைக் கொட்டாயில் தூங்கிக்கொண்டிருந்த வடமாநிலத் தொழிலாளர்கள் நான்கு பேர் தீக்காயம் அடைந்தார்கள். தீ வைத்தவன் வெளியிலிருந்து வந்தான். முதலாளி கொடுத்த கொட்டாயில் படுத்திருந்தவனுக்கு உட்பக்கம் தாழ்ப்பாள் போட்ட ஒரு வீடு இல்லை. குற்றத்துக்கும் வாடகைக் குடியிருப்புக்கும் உறவு உண்டா என்று கேட்டால், உண்டு என்பேன். அந்த உறவு இப்படித்தான் இருக்கிறது.

லைன் வீடுகளைப் போய்ப் பாருங்க. வரிசையாகப் பத்து அறை, ஒரே கக்கூஸ், முன்னால் விளக்கில்லாத சந்து. வீட்டுக்காரர் சேலத்தில் இருப்பார்; ஐந்தாம் தேதி வாடகைக்கு மட்டும் வருவார். ஒப்பந்தம் வாய்ப்பேச்சு. நாளைக்கே காலி பண்ணு என்றால் பண்ண வேண்டியதுதான். இவன் ராத்திரி ஒரு திருட்டைக் கண்ணால் பார்த்தாலும் ஸ்டேசனுக்குப் போவானா? சாட்சி சொல்லப் போனவனையே முதலில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

வீடு கொடுத்தது அரசாங்கமாகவே இருந்தாலும் கதை மாறுவதில்லை. சென்னையில் ஆற்றோரக் குடிசைகளைப் பிடுங்கி, 2000இலிருந்து கண்ணகி நகரில் கொண்டுபோய்க் குவித்தார்கள். 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள், வேலை இருக்கும் இடமோ தூரத்தில். இப்போது அங்கத்திய பையன்கள் வேலைக்கு மனுப்போடும்போது முகவரியை மறைக்கிறார்கள். விலாசமே குற்றப்பத்திரிகை ஆகிவிட்டது.

நம்ம சனத்துக்கு இன்னொரு படி கீழே. வாடகைக்காரனாகிச் சந்தேகப்படுவதற்குக்கூட முதலில் வீடு கிடைக்க வேண்டுமே! 1917இல் பரோடாவில் பாரசீகர் விடுதியில் தங்கியிருந்த அண்ணல் அம்பேத்கரைத் தடியோடு வந்து வெளியேற்றினார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டுப் பரோடா சமஸ்தான வேலைக்கு வந்தவர் அவர். இன்றைக்குத் தடி வேண்டியதில்லை. 'நீங்க என்ன ஆளுங்க?' என்ற ஒரு கேள்வி போதும், இல்லாவிட்டால் 'சைவம்தானே?'

1955ஆம் வருசத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் நான்காம் பிரிவு, தீண்டாமை காரணமாக ஒருவரை எந்தப் பகுதியிலும் குடியிருக்க விடாமல் தடுப்பது குற்றம் என்கிறது. ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை. வாடகை வீட்டால் வரும் குற்றம் என்று பேசுகிறவர்கள் இந்தக் குற்றத்தை மட்டும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. நிரூபிப்பது கஷ்டம்தான். சாதியைச் சொல்லி எவனும் மறுப்பதில்லை, 'வேற ஆளுக்குப் பேசியாச்சு' என்பான். அதனால் கல்லூரித் தோழர்கள் இரண்டு இரண்டு பேராகப் போங்க. ஒருவர் கேட்கட்டும், மறுநாள் இன்னொரு சாதிக்காரத் தோழர் அதே வீட்டைக் கேட்கட்டும். தேதி, நேரம், சொன்ன வார்த்தை மூன்றையும் அன்றைக்கே எழுதி வையுங்க. இன்னொன்று: 2019இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. லைன் வீட்டு வடமாநிலத் தோழர்களுக்கும் இதைச் சொல்லுங்க. இந்தி தெரிந்தவர் நம்மில் யாரு இருக்கீங்க?